உலோகத்தின் தரத்தை வலிமை மட்டும் சொல்லிவிடாது

பம்புக்கோ படகுக்கோ உலோகம் தேர்ந்தெடுக்கும்போது, இழுவலிமையும் விலையும் கூடுதலாக இருப்பதுதான் உசத்தி என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்தக் கணக்கில் நிக்கல் கலவைகள் நவீனம். வெண்கலம் கோயில் மணியோடும் சிலையோடும் நின்றுபோன பழசு. இந்தக் கணக்கு அடிப்படையிலேயே தவறு என்பது என் கருத்து. எந்தத் தண்ணீரில், எவ்வளவு சூட்டில், எந்த உலோகத்தோடு உரசிக்கொண்டு வேலை செய்யப்போகிறது என்று கேட்ட பிறகுதான் வலிமைப் பட்டியலைத் திறக்க வேண்டும்.

போர்வெல் பம்பின் தண்டு சுழலும் புஷ்ஷையே எடுத்துக்கொள்வோம். பட்டறைகளில் கன்மெட்டல் என்று சொல்லும் வெண்கலக் கலவையில் நூற்றுக்கு 88 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம், 2 பங்கு துத்தநாகம். அதன் இழுவலிமை 300 மெகாபாஸ்கலை ஒட்டித்தான் இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு நிக்கலும் மீதியில் பெரும்பகுதி செம்பும் கொண்ட மோனல் 400-க்கு அது சுமார் 550. பட்டியலை மட்டும் பார்ப்பவர் மோனலைத்தான் எடுப்பார். ஆனால் புஷ்ஷின் வேலை பாரத்தை இழுத்துப் பிடிப்பதோடு முடிவதில்லை. தண்டைக் காப்பாற்றுவதும் அதன் வேலைதான். வெண்கலத்தின் மிருதுவான செம்புப் பரப்புக்குள் வெள்ளீயம் செறிந்த கெட்டியான துகள்கள் சிதறிக் கிடக்கின்றன. கெட்டியான பகுதி பாரத்தைத் தாங்குகிறது, மிருதுவான பகுதி தண்டின் போக்குக்கு இணங்கிக் கொடுக்கிறது. ஈயமும் சேர்ந்த வெண்கலமாக இருந்தால் தண்ணீரோடு வரும் நுண்மணலையும் ஓரளவு தனக்குள் புதைத்துக்கொள்ளும். தேய்ந்தாலும் மலிவான புஷ்தான் தேயும், தண்டு தப்பிவிடும். நிக்கல் கலவையோ போதிய மசகு இல்லாமல் எஃகோடு உரசினால் ஒட்டிப் பிய்ந்து, கடைசியில் தண்டையே இறுகப் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. இந்த இடத்தில் வெண்கலத்தின் மென்மையைக் குறை என்று எண்ணுவது வேலையையே புரிந்துகொள்ளாத பேச்சு.

கடலில் விஷயம் இன்னும் சுவையானது. ஓடும் கடல்நீரில் மோனல் அற்புதமாகத் தாக்குப்பிடிக்கும். நீர் அசையாமல் நின்று, பாசியும் ஓட்டு உயிர்களும் ஒட்டிக்கொண்டால், அவற்றின் அடியில் குழிகுழியாக அரிக்கத் தொடங்கும். செம்பு மிகுந்த வெண்கலத்தில் அந்த உயிர்கள் எளிதில் குடியேறுவதில்லை. பக்கத்து உலோகம் எது என்பதையும் மறக்கக் கூடாது. 1915-ல் அமெரிக்காவில் மோனல் தகடுகளால் கட்டிய ‘சீ கால்’ என்ற உல்லாசப் படகு, உப்புநீரில் எஃகு உறுப்புகளோடு சேர்ந்து மின்கலம்போல் வினைபுரிந்ததால் சில வாரங்களிலேயே உபயோகமற்றுப் போனது. மோனல் அப்படியே இருக்க, அதைத் தாங்கிய எஃகுதான் கரைந்தது. இன்றைய பெருங்கப்பல்களின் புரொப்பல்லர்களோ செம்போடு 9 சதவீதம் அலுமினியமும், நிக்கலும் இரும்பும் தலைக்கு 4, 5 சதவீதமும் சேர்ந்த வெண்கலத்தால் ஆனவை. அதன் இழுவலிமை 600 மெகாபாஸ்கல் வரை போகும். அதாவது மோனல் 400-க்கும் மேல். எஃகு உடலுக்கு அருகில் அதுவும் அரிப்பைத் தூண்டும் என்பதால் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்திக் காக்கிறார்கள். 2006-ல் வந்த எம்மா மெர்ஸ்க் கப்பலின் புரொப்பல்லர் சுமார் 130 டன். பழசு என்று ஒதுக்கும் வெண்கலத்தின் இன்றைய வேலை இது.

அப்படியானால் நிக்கல் எதற்கு என்று கேட்கலாம். சூட்டுக்கு அதை விட்டால் ஆள் கிடையாது. ஜெட் என்ஜினில் 650 டிகிரி செல்சியஸிலும் இன்கோனல் 718 என்ற நிக்கல் கலவை திடமாக நிற்கும்; சாதாரண வெண்கலம் 300 டிகிரிக்குள்ளேயே தளர்ந்துவிடும். சாக்கடை கலந்து கந்தக வாடை வீசும் முகத்துவார நீரும் செம்புக் கலவைகளுக்கு எதிரி. அங்கே குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த நிக்கல் கலவையைக் கேட்பவரோடு எனக்குச் சண்டை இல்லை.

நிக்கல் கலவை நீண்ட நாள் உழைத்தால் அதன் கூடுதல் விலை கட்டுப்படியாகாதா என்பது வலுவான கேள்வி. வெண்கலம் மலிவு என்று நான் வாதாடவும் இல்லை. வெள்ளீயம் பல நேரங்களில் நிக்கலைவிட விலை உயர்ந்தது. ஆனால் உழைப்புக் கணக்கில் பழுதுபார்ப்பும் சேர வேண்டும். கன்மெட்டல் 1,000 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருகிவிடும், மோனலுக்கோ 1,300-க்கு மேல் வேண்டும். தேய்ந்த வெண்கலப் புஷ்ஷை உள்ளூர் வார்ப்படச் சாலை உருக்கி வார்த்துவிடும், பக்கத்து லேத் பட்டறை கடைந்து கொடுத்துவிடும். மோனல் உதிரிக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்கும் நாட்களில் ஓர் ஊரின் குடிநீர் நின்றிருக்கும். ஆகவே பம்பு டெண்டர்களில் உலோகத்தின் பெயரை எழுதுவதற்கு முன்பே, தண்ணீரின் உப்பு, மணல், வெப்பம், தண்டின் உலோகம், உதிரி கிடைக்கும் தூரம் ஆகியவற்றை எழுதியாக வேண்டும் என்று உள்ளாட்சிகள் விதி செய்ய வேண்டும்.