மாற்றுச் சான்றிதழில் இல்லாத வரி

அன்னவாசல் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தபோது நான் எழுதிக்கொடுத்த மாற்றுச் சான்றிதழ் ஒன்று இன்றும் மனத்தை உறுத்துகிறது. அந்த மாணவனுக்கு வலது காது கேட்காது. இடது காது ஆசிரியரின் பக்கம் இருக்கும்படி, வகுப்பறையின் வலது ஓரத்தில் முதல் வரிசையில் அவனை அமர வைத்திருந்தோம். ஐந்தாம் வகுப்பு வரை நன்றாகவே படித்தான்.

ஆறாம் வகுப்புக்கு வேறோர் ஊர்ப் பள்ளிக்குச் சென்றான். உயரமாக இருந்ததால் கடைசி வரிசை கிடைத்தது. அழைத்தும் திரும்பாதது திமிராகக் கருதப்பட்டது. காலாண்டு விடுமுறைக்குப் பின் அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை. நான் அளித்த சான்றிதழில் அங்க அடையாளங்களாக ஒரு மச்சமும் ஒரு தழும்பும் இருந்தன. எந்தக் காது கேட்கும் என்பது இல்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை. தனித்தாளில் எழுதி அனுப்ப எனக்கும் தோன்றவில்லை.

பள்ளி மாறும் உரிமையில் சட்டம் குறை வைக்கவில்லை. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். கடுமையான குறைபாடுடைய குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்க 2012இன் திருத்தம் வழிசெய்தது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுடைய குழந்தைகள் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கலாம் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. கதவுகள் திறந்தே இருக்கின்றன. கதவைக் கடக்கும் குழந்தையுடன் அக்குழந்தையைப் பற்றி ஆசிரியர் அறிந்தவையும் செல்கின்றனவா என்பதே கேள்வி.

‘எமிஸ்’ தளத்தில் குறைபாட்டின் வகை பதிவாகிறதே என்பார்கள். ‘செவித்திறன் குறைபாடு’ என்ற சொல், எந்த இருக்கை பொருந்தும் என்பதைச் சொல்லாது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரோ பல பள்ளிகளுக்குச் சுற்றி வருபவர். தொடக்க நிலையில் 10 மாணவருக்கும், அதற்கு மேல் 15 மாணவருக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் கூறியது. பணியிடங்களை உருவாக்குமாறு 2025 மார்ச்சில் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில், தனிக் கல்வித் திட்டம் பெற்ற குழந்தை தொடக்கப் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்கு மாறும் ஆண்டில், பிப்ரவரி 15க்குள் அத்திட்டம் மறுஆய்வு செய்யப்பட்டுத் திருத்தப்பட வேண்டும். வகுப்புகள் தொடங்குவதோ செப்டம்பரில்தான். இடைப்பட்ட மாதங்கள் புதிய பள்ளி ஆயத்தமாவதற்கு உரியவை.

நமக்கும் இது எட்டாத ஏற்பாடு அன்று. ஏப்ரலில் ஒரு மணி நேரம் போதும். பழைய ஆசிரியர், புதிய பள்ளியின் ஆசிரியர், சிறப்புப் பயிற்றுநர், பெற்றோர் ஆகியோர் கூடிப் பேசி, ஒரு பக்கக் குறிப்பு எழுதலாம். குழந்தை எங்கே அமர வேண்டும், எப்படிச் சொன்னால் புரியும், எதைக் கண்டு அஞ்சும், கழிப்பறை செல்ல யார் துணை, தேர்வில் என்ன சலுகை என்பவை அதில் இருக்கட்டும். புதிய இடத்திலும் முத்திரை குத்திவிடுவார்களோ எனப் பெற்றோர் சிலர் அஞ்சுவது நியாயமே. எனவே அவர்களின் இசைவு கட்டாயம். அக்குறிப்பு குறைகளின் பட்டியலாக இல்லாமல், குழந்தை கற்கும் வழியைச் சொல்வதாக அமைய வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பள்ளிக் கல்வித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். அந்த மாணவனுக்கு நான் எழுதத் தவறிய வரியை, அடுத்த ஜூனில் பள்ளி மாறும் குழந்தைகளுக்காவது எழுதிக் கொடுப்போம்.