முதலாளிக்கு மஞ்சள் நோட்டீஸ்! மாணவனுக்குச் சம்பளப் பிடித்தம்!



வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டும். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் கடன் கொடுத்தவரே தீர்ப்பும் எழுதி, அவரே அமீனாவாகவும் வந்து நின்றால் அதற்குப் பெயர் நியாயமா?

உலகத்துக்கே ஜனநாயகப் பாடம் நடத்தும் அமெரிக்காவில் இதுதான் சட்டம்! மத்திய அரசிடம் கல்விக் கடன் வாங்கியவர் 270 நாட்கள் தவணை கட்டத் தவறினால், கோர்ட் உத்தரவே இல்லாமல் அவர் சம்பளத்தில் அரசு கை வைக்கலாம். 30 நாள் நோட்டீஸ் போதும். வரி முதலானவை போக மிஞ்சும் சம்பளத்தில் 15 சதவீதம் வரை பறிபோகும். ஆட்சேபம் சொல்லலாம், அதுவும் நிர்வாக விசாரணைதான். வேலை கொடுத்தவரே பணத்தைப் பிடித்து அனுப்ப வேண்டும். தவறினால் அவர் மீதே வழக்குப் பாயும்!

வணிகப் பெருமக்களே! வியாபாரத்தில் நொடித்தவன் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துக் கரையேறுவது உங்களுக்குத் தெரியும். அமெரிக்க மாணவனுக்கு அந்த வாசலும் ஏறக்குறைய அடைக்கப்பட்டிருக்கிறது. திவாலானாலும், கடனைக் கட்டுவது தாங்க முடியாத துன்பம் என்று தனியாக நிரூபித்தாக வேண்டும். ஏழாண்டு கழிந்தால் கிடைத்துவந்த சலுகையும் 1998-இல் ரத்தானது. காலாவதி என்ற பேச்சே கிடையாது. 1991-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்துவிட்டது. முதியோர் பெறும் அரசு உதவித் தொகையிலும் பழைய கல்விக் கடனைப் பிடிக்கலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது!

கொரோனாவால் 2020-இல் நிறுத்தப்பட்ட கட்டாய வசூலை டிரம்ப் அரசு 2025 மே 5-இல் மீண்டும் தொடங்கியது. கடன் தவறியோர் அப்போது 50 லட்சத்துக்கும் மேல். 2026 ஜனவரியில் சம்பளப் பிடித்தம் என அறிவித்து, அந்த மாதமே தள்ளிவைத்தது. தள்ளிவைத்தார்களே தவிர, சட்டத்தை நீக்கவில்லை!

இதே டிரம்பின் பெயர் தாங்கிய சூதாட்ட விடுதி நிறுவனங்கள் 1991 தொடங்கி 2009 வரை பலமுறை திவால் மனு போட்டவை. சூதாட்ட விடுதிக்குக் கிடைக்கும் மன்னிப்பு, படித்த குற்றத்துக்குக் கிடையாதா?

இளைஞர்களே! நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இங்கே வங்கி உங்கள் சம்பளத்தைத் தொட வேண்டுமானால் கோர்ட் தீர்ப்புப் பெற வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு முதல் 1000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் காப்பாற்றுகிறது. ஒரே தீர்ப்புக்காக 24 மாதங்களுக்கு மேல் பிடிக்கவும் முடியாது. ஆனால் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்திருந்தால் கதையே வேறு! 2002-ஆம் ஆண்டு சர்பாசி சட்டப்படி, வங்கி கோர்ட் தீர்ப்பில்லாமலே வீட்டைக் கைப்பற்றலாம்.

ஆகவே, கல்விக் கடனுக்குத் தந்தையும் சேர்ந்து கையெழுத்திடும்போது எதை அடகு வைக்கிறோம் என்று படித்துப் பாருங்கள். வேலை கிடைக்கத் தாமதமானால் ஒளியாதீர்கள். நோட்டீஸ் வருமுன் வங்கிக்குப் போய் எழுத்து மூலம் அவகாசம் கேளுங்கள். நோட்டீஸ் வந்துவிட்டால் பதில் தராமல் இருக்காதீர்கள்.

கடனைக் கேட்கும் உரிமை கொடுத்தவருக்கு உண்டு. நீதிபதி முன் நின்று தன் கஷ்டத்தைச் சொல்லும் உரிமை வாங்கியவருக்கும் உண்டு. அந்த உரிமையைப் பறிக்கும் சட்டம் எந்த நாட்டில் இருந்தாலும் அது அநீதியே!