நிவாரணம் பட்டாவோடு நின்றுவிடலாமா?

குற்றாலத்தில் சாரல் விழுவதை வைத்தே தென்காசி வட்டாரத்தில் கார் சாகுபடிக்கு நாள் குறிப்பார்கள். தென்மேற்குப் பருவமழை காருக்கு. வடகிழக்குப் பருவமழை பிசானத்துக்கு. கடனாநதி, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் அணைகளும் அவற்றை நம்பிய குளங்களும் இந்தக் கணக்கில்தான் இயங்குகின்றன. அந்தக் கணக்கு இப்போது தப்பத் தொடங்கியிருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்காசி உள்ளிட்ட நான்கு தென்மாவட்டங்களைப் பெருமழை புரட்டிப்போட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் பாய்ந்த திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவனின் உயிரைப் பறித்தது. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கியதே மே 30-ல்தான்.

ஒவ்வொரு பெருமழைக்கும் பருவநிலை மாற்றமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரப்பதத்தைத் தாங்கும். பல நாள் பெய்ய வேண்டிய மழை சில மணி நேரத்தில் கொட்டுவதற்கான வாய்ப்பு இதனால் கூடுகிறது. பூக்கும் நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் நெல் பதராகும். தண்ணீர் தேங்கினால் சின்ன வெங்காயம் வயலிலேயே அழுகும்.

இந்த இழப்பை யார் சுமக்கிறார்கள்? 2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண விதிகளின்படி, 33 சதவீதமும் அதற்கு மேலும் பயிர் சேதமானால் பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும், மானாவாரிக்கு 8,500 ரூபாயும் கிடைக்கும். அதற்குப் பட்டா வேண்டும். அடங்கலில் பெயர் வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிடும் தலித் விவசாயிக்கு இரண்டும் இல்லை. விதையும் உரமும் வட்டிக் கடனும் அவருடையவை. நிவாரணம் நில உரிமையாளரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம் என்பது விதி. குத்தகைக்கு அத்தாட்சி கேட்கும் இடத்தில் அந்த விதி நின்றுவிடுகிறது.

கூலித் தொழிலாளியின் நிலை இன்னும் மோசம். நடவு தள்ளிப்போனால் நடவுக்கூலி இல்லை. பயிர் அழுகினால் களையெடுப்பும் அறுப்பும் இல்லை. பயிருக்குச் சேத மதிப்பீடு உண்டு. கைவிட்டுப்போன கூலிக்கு மதிப்பீடே கிடையாது. 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. வெயிலுக்கு அஞ்சி வேலையை நிறுத்தினால் அன்றைய கூலிக்கு வழியில்லை.

இது இயற்கையின் குற்றமல்ல. தமிழக மக்கள்தொகையில் 20 சதவீதமாக உள்ள பட்டியல் சாதியினரில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். 1892-ல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பெருமளவில் கைமாறிப்போயின. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தும், கேட்டால் நிலம் பறிபோகும் என்ற அச்சத்தில் பலர் பதிவே கேட்பதில்லை.

மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடியவை உண்டு. ஒவ்வொரு பிசானத்துக்கு முன்பும் கிராம நிர்வாக அலுவலர்கள் வயலில் இறங்கி, உண்மையில் பயிரிடுபவர் யார் என்று பதிய வேண்டும். நில உரிமையாளரின் கையெழுத்துக்காகக் காத்திராமல், அக்கம்பக்கத்து விவசாயிகளின் சாட்சியத்தை ஏற்க வேண்டும். சேத மதிப்பீட்டில் இழந்த வேலை நாட்களையும் சேர்த்து, கூலி நிவாரணத்துக்கு அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். பஞ்சமி நிலங்களைக் கணக்கெடுத்து மீட்டு, அவற்றுக்குப் பாசன வசதியும் செய்து தர வேண்டும்.

தென்காசி மக்களவைத் தொகுதியும், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் சட்டமன்றத் தொகுதிகளும் தனித்தொகுதிகள். அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு ஆறுதல் சொல்ல வருவதைவிட, இந்தப் பதிவேட்டில் உழைப்பவரின் பெயரை ஏற்றுவதே அங்கு வென்றவர்களின் முதல் கடமை.