செவியா, விதியா?

“என் செவிக்கு அது சரியாகப் படவில்லை, ஆகவே அது பிழை!” என்று ஒருவர் தீர்ப்பளிக்கிறார். தோழர்களே, அவரிடம் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி இதுதான்: “ஐயா, அந்தச் செவி உமக்கு எங்கே கிடைத்தது?”

தாய்மொழியைப் பற்றிய பேச்சானால், தாய்மடியிலே கிடைத்தது என்பார், ஒப்புக்கொள்வோம். ஆனால், மனிதர் திட்டமிட்டு ஆக்கிய மொழிக்கு ஏது தாய்மடி?

1887ஆம் ஆண்டு, உருசியப் பேரரசின் பிடியிலிருந்த வார்சா நகரிலே, சாமென்ஹோஃப் என்னும் மருத்துவர் எஸ்பெராண்டோ மொழியை வெளியிட்டார். அவர் பிறந்த பியாலிஸ்டாக் ஊரில் உருசியரும் போலந்தியரும் ஜெர்மானியரும் யூதரும் மொழியால் பிளவுண்டு பகைத்து நின்றனர். அந்தப் பகை தீரவே பொதுமொழி கண்டார். இலக்கணம் 16 விதிகள். பெயர்ச்சொல்லுக்கு ‘ஓ’ ஈறு, பெயரடைக்கு ‘ஆ’ ஈறு, நிகழ்கால வினைக்கு ‘ஆஸ்’ ஈறு. பாரிசில் பிறந்தவனும் டோக்கியோவில் பிறந்தவளும் கற்கவேண்டிய விதி ஒன்றே!

அந்த மொழிக்குள்ளும் செவி புகுந்தது, செருக்களம் கண்டது. 1950களிலும் 1960களிலும் எஸ்பெராண்டோ அறிஞர் இரு முகாமாகப் பிரிந்து மோதினர். எதற்காக? ‘அத்’, ‘இத்’ என்னும் இரண்டு சின்னஞ்சிறு ஒட்டுகளுக்காக! “அந்த வீடு சென்ற ஆண்டு கட்டப்பட்டது” என்று எழுதவேண்டும். செயல் முடிந்துவிட்டது, ஆகவே ‘இத்’ என்றது ஒரு முகாம். குறித்த காலத்திலே நிகழ்ந்த செயல், ஆகவே ‘அத்’ என்றது மற்றொன்று. பின்னதில் டேனியரும் ஜெர்மானியரும் பலர். காரணம் என்ன? செயப்பாட்டு வினையை அவர்தம் தாய்மொழி பழக்கிய வகை அது! எதிர்முகாம் மட்டும் தூயதோ? பிரெஞ்சுக்காரரின் செவியும் பிரெஞ்சு மொழி பழக்கிய செவிதானே! மொழியுணர்வு என்று மேடையேறியது, அவரவர் தாய்மொழியின் நிழல்.

1967இல் எஸ்பெராண்டோ அகாதெமி, சாமென்ஹோஃபின் எழுத்து வழக்கைச் சான்றாகக் கொண்டு ‘இத்’ பக்கம் தீர்ப்பளித்தது. சான்றைக் காட்டலாம், சரிபார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம். செவியை எப்படிச் சரிபார்ப்பது?

செவி பிறப்பால் வரும் சொத்து. விதி உழைப்பால் வரும் சொத்து. செவியே நீதிபதி என்றால் ஐரோப்பியச் செவி அரியணையில் அமரும். ஆசியச் செவி வாயிற்படியில் நிற்கும். பிறவியுயர்வை ஒழிக்கப் பிறந்த மொழியிலேயே பிறவியுயர்வு குடியேறுவதா? கூடாது!

அப்படியானால் விதியின் முன் கைகட்டி, வாய்பொத்தி நிற்பதா? அதுவும் கூடாது. விதி என்றால் தலையெழுத்து அன்று, மனிதர் வகுத்தது.

1905இல் பிரான்சு நாட்டின் பூலோன் நகரில் கூடிய முதல் உலக மாநாடு, ‘ஃபுண்டமெந்தோ’ என்னும் அடிப்படை நூலை எவரும் மாற்றலாகாது என்று உறுதி செய்தது. அதற்குச் சாமென்ஹோஃப் சூட்டிய அடைமொழி ‘நெதுஷெப்லா’, பொருள், தொடக்கூடாதது! இளைய மொழி சிதறிப்போகாதிருக்கப் போட்ட வேலி அது, புரிகிறது. ஆனால், வேலிக்குள்ளே என்ன விளைந்தது? தந்தை ‘பாத்ரோ’, தாய் ‘பாத்ரினோ’. தந்தையின் சொல்லோடு ஓர் ஒட்டைச் சேர்த்தால் தாய் வருகிறாள்! ஆணுக்கு வேர், பெண்ணுக்கு விகுதி! இதைத் தொடக்கூடாதா?

இன்றைய எஸ்பெராண்டோ இளைஞரிற் பலர், ‘லி’ என்னும் அவனுக்கும் ‘ஷி’ என்னும் அவளுக்கும் பொதுவாக ‘ரி’ என்று வழங்குகின்றனர். செவிக்கு இனிது என்பதற்காகவா? அன்று, காரணம் காட்டிக் கேட்கின்றனர். “அடிப்படை நூலில் இல்லையே!” என்று முணுமுணுப்போர், அந்நூலின் முன்னுரையையே புரட்டிப் பார்க்கட்டும். பழைய வடிவை வெட்டியெறியாமல், அதன் அருகே புதியதை வைக்க மொழிக்குரிய அவைக்கு உரிமை உண்டு. பழையது காலத்தால் வழக்கொழியலாம் என்று சாமென்ஹோஃபே எழுதிவைத்தார். வேலி கட்டியவரே வாயிலும் வைத்தார். வாயிலை அடைத்தவர்கள் பின்வந்த பக்தர்கள்!

ஆகவே தோழர்களே, செவியைக் காட்டி ஒருவர் அதட்டினால், காரணம் கேளுங்கள். ஏட்டைக் காட்டி ஒருவர் அதட்டினால், அவரிடமும் காரணம் கேளுங்கள். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அதை மாற்றும் உரிமையும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்!