காலேஜுக்குள் சர்ச் இருக்கலாம்... அட்டெண்டன்ஸ் எடுக்கலாமா?

ஐயங்கார்குளத்தில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணுக்கு, தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சீட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சித்ரா பௌர்ணமிக்கு காஞ்சி வரதர் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளுவதைப் பார்த்து வளர்ந்தவள். வீட்டில் முதல் கேள்வி ஃபீஸ் எவ்வளவு. அடுத்தது, “அங்க சர்ச் இருக்காமே, போகச் சொல்வாங்களா?”

நியாயமான கேள்வி. ஆனால் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனதும் அது “காலேஜுக்குள்ள சர்ச் எதுக்கு?” என்று மாறிவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

சர்ச் எதற்கு என்பதற்கு வரலாறே பதில். 1837-ல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் இந்தக் கல்லூரியின் வேர். நூறு வருஷம் கழித்து, 1937-ல், ஜார்ஜ் டவுனில் இருந்து தாம்பரத்துக்கு மாறியது. மறு வருஷமே, 1938 டிசம்பரில், பல நாட்டு புராட்டஸ்டன்ட் தலைவர்கள் கலந்துகொண்ட சர்வதேச மிஷனரி கவுன்சில் மாநாடு இதே வளாகத்தில் நடந்தது. ஒரு ஹாஸ்டலுக்கே பிஷப் ஹீபர் பெயர்தான். 1826-ல் திருச்சியில் இறந்த ஆங்கிலிகன் பிஷப் அவர். அப்படிப்பட்ட இடத்தில் சேப்பல் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனம் தொடங்கி நடத்த அரசியலமைப்பின் பிரிவு 30 உரிமை தருகிறது.

சரி, அந்த வீட்டுக்காரர்களின் கேள்வி? அதற்குப் பிரிவு 28(3) இருக்கிறது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிறுவனத்தில் படிக்கும் எவரையும், சம்மதம் இல்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. மைனர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதிக்க வேண்டும். ஃபர்ஸ்ட் இயர் சேரும்போது பலருக்கு வயசு 17தான். அதாவது அந்தக் கையெழுத்து அப்பா, அம்மா போட வேண்டியது.

சிக்கலே இங்கேதான். சம்மதம் என்றால் என்ன? அட்மிஷன் அன்று, ஃபீஸ் கட்டும் அவசரத்தில், பத்துப் பக்க ஃபார்மில் விரல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறோம். “கல்லூரி விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன்” என்ற ஒரு வரிக்குள் வழிபாட்டையும் சேர்த்துச் சுருட்டினால் அதைச் சம்மதம் என்று சொல்வது கஷ்டம். இது தாம்பரத்தின் மேல் புகார் அல்ல. எந்த வளாகத்துக்கும் பொருந்தும். காஞ்சிபுரம் ஏனாத்தூரில் சங்கர மடத்தைச் சார்ந்து இயங்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் இதே 28(3)தான். சட்டம் மதம் பார்ப்பதில்லை. வாட்ஸ்அப் மட்டும்தான் பார்க்கிறது.

பல மிஷன் கல்லூரிகளில் கிறிஸ்தவ மாணவர்களுக்கு ஸ்கிரிப்சர் வகுப்பு, மற்றவர்களுக்கு மாரல் கிளாஸ் என்று பிரித்து வைக்கும் பழக்கம் உண்டு. அது நல்ல வழி. ஆனால் அந்தக் கிறிஸ்தவ மாணவருக்கும் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை இருக்கிறது. இதை யாரும் பேசுவதே இல்லை.

கட்டாயம் போனால் சர்ச் காலியாகிவிடும் என்ற பயம் சிலருக்கு. புராட்டஸ்டன்ட் பாதிரியார்களை உருவாக்கவே ஆரம்பத்தில் கவனம் செலுத்திய ஹார்வர்டு, 1886-லேயே கட்டாயப் பிரார்த்தனையை நிறுத்திவிட்டது. அதற்கப்புறம்தான், 1932-ல், வளாகத்தின் நடுவில் மெமோரியல் சர்ச்சைத் திறந்தது. ஞாயிறு ஆராதனை இன்றும் நடக்கிறது.

ஐயங்கார்குளத்து அப்பா அட்மிஷன் கவுன்டரில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “சேப்பலுக்கோ பிரேயருக்கோ வரலைன்னா அட்டெண்டன்ஸ்ல கை வைப்பீங்களா?” பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.