ஓசிப் பேச்சு என்னும் புரளி

"வாட்ஸ்அப்பில் கூப்பிடு, காசு ஆகாது." அல்சூரானாலும் ஸ்ரீராமபுரமானாலும் பெங்களூருத் தமிழர் வீடுகளில் இது வேதவாக்கு. துபாயில் வேலை பார்ப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை. அனுமதி பெற்ற செயலியில்தான் பேச வேண்டும்.

ஐ.எஸ்.டி. பூத்தில் ஓடும் மீட்டரைப் பார்த்தபடியே பாதிப் பேச்சை விழுங்கிய தலைமுறைக்கு இணைய அழைப்பு பெரிய விடுதலைதான். மலிவு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். இலவசம் என்பதுதான் பொய்.

காசு வேறு வாசல் வழியாகப் போகிறது. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் கட்டணத்தை ஏற்றின. பேசினால் மட்டும் போதும் என்ற பட்டன் போன்காரரின் தலையிலும் டேட்டாவைச் சேர்த்தே கட்டினார்கள். அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான பேக் தந்தாக வேண்டும் என்று அந்த டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி போட வேண்டியிருந்தது.

கரண்ட் போனால் கதையே வேறு. செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு வேண்டிய 48 வோல்ட் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே வந்தது. வீடு இருட்டில் கிடந்தாலும் டயல் டோன் கேட்கும். அந்தப் போன்களை நாட்டுக்கே செய்து கொடுத்தது, 1948இல் தொடங்கி, இதே ஊர் தூரவாணி நகரின் ஐ.டி.ஐ. ஆலை. இப்போது ஃபைபரோடு வரும் லேண்ட்லைனும் இணைய போன்தான். கோடை இடிமழையில் பெஸ்காம் கரண்ட் போனதும் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், போன் எல்லாம் சேர்ந்து அணையும். ஜெனரேட்டர் வைத்த அபார்ட்மென்ட்டுக்கு இது உறைக்காது. சந்து வீட்டில் தாத்தாவுக்கு மூச்சு முட்டும் ராத்திரியில் உறைக்கும். கைபேசியில் சார்ஜ் இருந்தால் பிழைத்தோம். அப்போதும் வாட்ஸ்அப் வழியாக அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிட முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விலை, மறுமுனையில் இருப்பவர் யார், எந்த நாட்டிலிருந்து பேசுகிறார் என்பது தெரியாமல் போனது. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் அழைப்பை சிம் பாக்ஸ் உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும். திரையில் இந்திய எண்தான் தெரியும். 2021 ஜூனில் பெங்களூரு போலீசாரும் ராணுவ உளவுப் பிரிவும் சேர்ந்து பிடித்த கள்ள எக்ஸ்சேஞ்சில் 960 சிம் கார்டுகள் இருந்தன. சி.பி.ஐ. அதிகாரி வேடம் போட்டு, ஸ்கைப்பிலேயே 'டிஜிட்டல் கைது' செய்த கும்பலிடம் இந்நகரப் பெண் ஒருவர் 31.83 கோடி ரூபாய் பறிகொடுத்தது 2025 நவம்பரில் வெளியே தெரிந்தது. அதற்குள் ஸ்கைப், அந்த ஆண்டு மே மாதமே, கடையைக் கட்டியிருந்தது.

உடனே நான் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். இணைய அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்று 2014 டிசம்பரில் ஏர்டெல் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் பின்வாங்கியது. பின்வாங்கியது நியாயமே. நான் கேட்பது கூடுதல் கட்டணம் அல்ல, பதில் சொல்லும் பொறுப்பு. ஓசி என்று நம்பியவன் அதைக் கேட்கக் கூசுகிறான். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நினைக்கிறான். இது தானமாக வந்த மாடல்ல. மாதாமாதம் ரீசார்ஜ் செய்து வாங்கியது. தாராளமாகப் பல்லைப் பார்க்கலாம்.

ஃபைபர் போட வருகிறவரிடம், கரண்ட் இல்லாதபோது போன் எத்தனை நேரம் ஓடும் என்று கேளுங்கள். பெட்டிக்கும் ரவுட்டருக்கும் பேட்டரி வைக்காமல் செம்புக் கம்பியைக் கழற்ற விடாதீர்கள். ஆபத்து என்றால் செயலியைத் தேடாமல் நேராக 112-ஐ அழுத்துங்கள். வீடியோவில் காக்கிச் சட்டையோடு ஒருவன் தோன்றி உங்களைக் கைது செய்துவிட்டதாகச் சொன்னால், இணைப்பைத் துண்டித்துவிட்டு சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள்.