கடைசி மூன்று அவுட்டும் ஒரு பொய்க் கணக்கும்

மரியானோ ரிவேரா விடைபெற்ற வீடியோவை உங்களில சிலர் பாத்திருப்பீங்கள். 2013 செப்டெம்பர் 26, யாங்கி ஸ்டேடியம். பிச்சரை மாற்ற வேணுமெண்டால் வழமையாக மனேஜர் நடந்து வந்து பந்தை வாங்குவார். அண்டைக்கு வந்தது டெரெக் ஜீட்டரும் அன்டி பெட்டிட்டும். இருபது வருசத்துக்குக் கிட்ட ஒண்டாய் விளையாடின ஆக்கள். ரிவேரா பெட்டிட்டின் தோளில் முகம் புதைச்சு அழுதார். பேஸ்போலில் எத்தனை பேர் நிண்டு விளையாடுறதெண்டே தெரியாத எங்கட அறைப் பெடியள் கூட கொஞ்ச நேரம் கதைக்காமல் இருந்தாங்கள்.

2022 இல் கரண்ட் கட் நேரங்களில், ஃபோனில் ஏற்கெனவே இறக்கி வைச்சிருந்த பழைய ஆட்டங்களைப் பார்த்துத்தான் எங்களுக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சது. அதனால் முதலே சொல்லி விடுகிறோம்: ரிவேராவில் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. பனாமாவின் மீன்பிடிக் கிராமத்தில் இருந்து வந்து, ஏறக்குறைய ஒரேயொரு கட்டர் பந்தை வைத்தே உலகத்தை ஆட்டின மனுசன் அவர். 652 சேவ். 2019 இல் வாக்களித்த 425 பேரும் சேர்ந்து அவரை ஹோல் ஒஃப் ஃபேமுக்குள் அனுப்பினார்கள். அதற்கு முதல் யாருக்கும் முழு வாக்கும் கிடைத்ததில்லை. கோபம் அந்த ‘சேவ்’ என்கிற சொல்லில். அது ஒரு புள்ளிவிபரம் மாதிரி வேசம் போட்டுக்கொண்டு திரியிற சம்பளக் கத்தரி எண்டுதான் நாங்கள் சொல்ல வாறம்.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு ஆட்டத்தில் 9 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் அணிக்கு மூன்று அவுட். தொடங்குகிற பிச்சர் நூறு பந்து அளவில் எறிந்ததும் களைத்துப் போவார். பிறகு புல்பென்னில் காத்திருக்கிற ரிலீஃப் பிச்சர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். இவர்களில் கடைசி இன்னிங்ஸை முடித்து வைக்கிறவர் குளோசர். வெல்லுகிற அணிக்காக ஆட்டத்தை முடித்தால், பெரும்பாலும் மூன்று ஓட்டத்துக்கு மேற்படாத முன்னிலையில் வந்து ஒரு முழு இன்னிங்ஸ் எறிந்து முடித்தால், அவருக்கு ஒரு சேவ்.

இப்ப இதை யோசிச்சுப் பாருங்கோ. எட்டாவது இன்னிங்ஸ், ஒரு ஓட்ட முன்னிலை, மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட்டும் இல்லை. எதிரணியின் ஆகச் சிறந்த மூன்று துடுப்பாட்டக்காரர்கள் வரப் போகிறார்கள். ஒருவர் வந்து மூன்று பேரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்கிறார். அடுத்ததாக அவருடைய அணி இன்னும் இரண்டு ஓட்டம் எடுக்கிறது. ஒன்பதாவதில் குளோசர் மூன்று ஓட்ட முன்னிலையோடு, யாரும் பேஸில் இல்லாமல், எதிரணியின் கடைசி வரிசை ஆட்களுக்கு எறிகிறார். இரண்டு ஓட்டத்தை விட்டுக் கொடுத்தாலும் பரவாயில்லை, சேவ் அவருக்குத்தான். முதல் ஆளுக்கு ‘ஹோல்ட்’ எண்டு ஒண்டு எழுதுவாங்கள். அதை ஆர் எண்ணுகினம்? கிரிக்கெட்டில் ஏழாவது ஓவரில் எடுத்தாலும் ஐம்பதாவது ஓவரில் எடுத்தாலும் விக்கெட் விக்கெட்தான். இவங்கள் மட்டும் ஏன் கடைசிக் கதவை மூடினவனுக்கே முழு வீட்டையும் எழுதிக் கொடுக்கிறாங்கள்?

இதில் வேடிக்கை என்னவென்றால், சேவ் பிறந்ததே நியாயத்துக்காகத்தான். 1959 இல் பிட்ஸ்பேர்க் அணியின் எல்றோய் ஃபேஸ் என்ற ரிலீஃப் பிச்சருக்கு 18 வெற்றி, 1 தோல்வி. சிக்காகோவில் விளையாட்டு நிருபராக இருந்த ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் இந்தக் கணக்கை நம்பவில்லை. முன்னிலையைத் தானே கோட்டை விட்டு, பிறகு தன்னுடைய அணி ஓட்டம் எடுத்ததால் ‘வெற்றி’ வாங்கின ஆட்டங்களும் அதில் இருந்தன. ரிலீஃப் பிச்சரின் உண்மையான உழைப்பை அளக்க வேணும் என்றுதான் ஹோல்ட்ஸ்மன் சேவைக் கொண்டு வந்தார். 1969 இல் அது அதிகாரபூர்வமானது. அளக்க வந்த கோலே பிறகு ஆட்டத்தை வளைத்தது. 80களின் கடைசியில் ஓக்லண்ட் மனேஜர் டோனி லா ரூஸா, டெனிஸ் எக்கர்ஸ்லியை அநேகமாக ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டார். எல்லாரும் அவரைப் பார்த்துப் படித்தார்கள். எந்த இடத்தில் ஆட்டம் உடையப் போகுதோ அந்த இடத்தில் சிறந்த ஆளை இறக்குவது என்று இருந்தது போய், எங்கே சேவ் கிடைக்குமோ அங்கே இறக்குவது என்றாகி விட்டது.

அதன் உச்சம் 2016 ஒக்டோபர் 4. தோற்றால் வீடு என்ற வைல்ட் கார்ட் ஆட்டம், ரொறன்ரோவில். பால்டிமோர் அணியின் குளோசர் சாக் பிரிட்டன் அந்த ஆண்டு 47 சேவ் வாய்ப்பில் 47 ஐயும் முடித்தவர். அவருடைய ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக் கொடுக்கும் சராசரி ஓட்டம், 0.54. ஒன்று கூட இல்லை, அரை. ஆட்டம் 2-2 என்று சமநிலையில் பதினோராவது இன்னிங்ஸுக்குப் போனது. மனேஜர் பக் ஷோவால்டர் பிரிட்டனை இறக்கவில்லை. வெளியூர் ஆட்டத்தில் சமநிலை என்றால் சேவ் வாய்ப்பு இல்லை, முன்னிலை வரட்டும் என்று காத்திருந்தார். உபால்டோ ஹிமெனெஸ் எறிந்த பந்தை எட்வின் என்கார்னாசியோன் மூன்று ஓட்ட ஹோம் ரன்னாக அடித்தார். ஆட்டமும் முடிந்தது, பால்டிமோரின் அந்தப் பருவமும் முடிந்தது. அந்த ஆண்டின் சிறந்த ரிலீஃப் பிச்சர் ஒரு பந்து கூட எறியாமல் வீட்டை போனார்.

சரி, இது மனேஜரின் மடத்தனம் என்று விட்டுவிடலாம். எங்களுக்குத் தாங்க முடியாமல் இருப்பது டெலின் பெட்டான்சஸின் கதை.

நியூயோர்க் நகரத்திலேயே பிறந்து வளர்ந்த டொமினிக்கன் குடும்பத்துப் பிள்ளை. ஆறடி எட்டு அங்குலம். 2006 இல் யாங்கீஸ் அவரை எடுத்தது. தொடக்கப் பிச்சராக ஆக்கப் பார்த்தார்கள், சரிவரவில்லை. முழங்கையில் சத்திர சிகிச்சையும் நடந்தது. எட்டு வருசம் கீழ்நிலை அணிகளில் உழன்று, 2014 இல்தான் ரிலீஃப் பிச்சராக நிரந்தர இடம் பிடித்தார். அந்த ஆண்டு 90 இன்னிங்ஸில் 135 ஸ்ட்ரைக் அவுட், ஈஆர்ஏ 1.40. அடுத்த ஆண்டு 131. அதற்கடுத்த ஆண்டு 126. அந்த மூன்று ஆண்டுகளில் வேறு எந்த ரிலீஃப் பிச்சரும் இவ்வளவு பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்யவில்லை. மூன்று ஆண்டும் ஓல் ஸ்டார். சேவ் எத்தனை? மூன்று வருசத்துக்கும் சேர்த்து 22.

ஏனெண்டால் அவருக்குப் பின்னால் எப்பவும் இன்னொருவர் நிண்டார். 2014 இல் டேவிட் ரொபேட்சன் குளோசர். 39 சேவ் எடுத்துக்கொண்டு 4 வருசத்துக்கு 46 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தோடு சிக்காகோ போனார். இனி பெட்டான்சஸ்தானே? இல்லை, அன்ட்ரூ மில்லரைக் கொண்டு வந்தார்கள். பிறகு அரோல்டிஸ் சப்மன். வீட்டு வன்முறைக் குற்றச்சாட்டில் 30 ஆட்டத் தடையோடு 2016 ஐத் தொடங்கிய அதே சப்மன். அவரை இடையில் விற்று, அந்த டிசெம்பரிலேயே 5 வருசத்துக்கு 86 மில்லியன் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். அந்த மூன்று வருசமும் பெட்டான்சஸின் சம்பளம் வருசம் ஐந்து லட்சம் டொலர் அளவில், லீக்கின் அடிமட்டத்துக்குக் கிட்ட. முதல் மூன்று வருசம் அணி வைத்ததுதான் சம்பளம். அதற்குப் பிறகுதான் நடுவர் மன்றத்துக்குப் போகலாம்.

2017 பெப்ரவரியில் போனார். அவர் கேட்டது 5 மில்லியன். அணி சொன்னது 3 மில்லியன். இந்த மன்றத்தில் இடைப்பட்ட தொகை கிடையாது. மூன்று நடுவர்களும் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேணும். அவர்கள் 3 ஐத் தெரிவு செய்தார்கள். வழமையாக இதோடு எல்லாரும் கைகுலுக்கி விட்டுப் போவார்கள். யாங்கீஸ் தலைவர் ரான்டி லெவின் போகவில்லை. வென்ற பிறகு நிருபர்களைத் தொலைபேசியில் கூட்டி வைத்து, நான் விண்வெளி வீரன் எண்டு சொல்லுறதும் பெட்டான்சஸ் குளோசர் எண்டு சொல்லுறதும் ஒண்டுதான் என்ற மாதிரி நக்கலடித்தார். தன்னை அறைக்குள் இருத்தி ஒன்றரை மணித்தியாலம் மட்டந்தட்டினார்கள் என்று பெட்டான்சஸ் பிறகு சொன்னார்.

இங்கதான் நாங்கள் கேட்கிறம்: அவரைக் குளோசர் ஆக்காதது ஆர்? அவரா? எட்டாவதில் போ எண்டால் போனார், ஏழாவதில் ரெண்டு இன்னிங்ஸ் எறி எண்டால் எறிஞ்சார். வேலையைப் பிரித்துக் கொடுத்தது முதலாளி. பிரித்துக் கொடுத்த அந்த வேலைக்கு ‘சின்ன வேலை’ எண்டு பேர் வைச்சதும் முதலாளி. பிறகு அந்தப் பேரைக் காட்டிச் சம்பளத்தை வெட்டினதும் அதே ஆள். அந்த ஆண்டு ஃபோர்ப்ஸ் யாங்கீஸின் பெறுமதியை 3.7 பில்லியன் டொலர் என்று மதிப்பிட்டது. சண்டை 2 மில்லியனுக்கு.

‘மூன்று மில்லியன் வாங்குறவனுக்கு நீங்கள் ஏன் அழுறியள்?’ இந்தக் கேள்வியை எங்கட கூட்டத்திலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே கத்தரி கீழே எப்படி வெட்டுது எண்டும் பாருங்கோ. பெரும்பாலான ரிலீஃப் பிச்சர்களுக்குப் பெயரே இல்லை. இரண்டு நாள் மேலே, பிறகு கீழ்நிலை அணியில். கை களைத்ததும் அனுப்பிவிட்டு, களைக்காத கையைக் கூப்பிடுவார்கள். ஒரு பருவத்தில் ஒருவரை ஐந்து தடவைக்கு மேல் இப்படிக் கீழே தள்ளக் கூடாது என்ற விதியே 2022 இல்தான் வந்தது. அந்தக் கீழ்நிலை அணிகளுக்கென்றே 2018 இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. மேலதிக நேரக் கொடுப்பனவு தேவையில்லை, பருவத்துக்கு முந்திய பயிற்சிக்குச் சம்பளம் தேவையில்லை. சட்டத்தின் பெயர் என்ன தெரியுமோ? ‘அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்’. அதிலயும் சேவ்தான்!

ஒன்பதாவது இன்னிங்ஸின் மன அழுத்தம் தனி என்று சொல்பவர்களோடு நாங்கள் முழுக்கச் சண்டைக்கு நிற்கவில்லை. அது எல்லாராலும் ஏலாது. 2001 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ரிவேராவே உடைந்து போனார். ஆனால் ரிவேராவை வைத்தே பதில் சொல்லலாம். 1996 இல் அவர் குளோசர் இல்லை. ஜோன் வெட்டலண்டுக்கு முந்தின ஆள். 107 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து 130 ஸ்ட்ரைக் அவுட், சை யங் விருது வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். அவ்வளவு ஸ்ட்ரைக் அவுட்டை அவர் பிறகு எந்த ஆண்டிலும் எடுக்கவில்லை. சேவ் 5. வெட்டலண்டுக்கு 43 சேவும் உலகத் தொடரின் சிறந்த வீரர் விருதும். அதோடு ரிவேரா நின்றிருந்தால் அந்த விடைபெறல் வீடியோவை ஆர் எடுத்திருப்பினம்? (அந்த விடைபெறல் ஆட்டத்தில் யாங்கீஸ் தோற்றது. ரிவேரா நாலு அவுட் எடுத்தார். சேவ் இல்லை. எண்டாலும் எல்லாரும் அழுதாங்கள்.)

இந்தப் பாடத்தைச் சரியாய்ப் படிச்ச ஆள் ஜோஷ் ஹேடர். மில்வோக்கியில் 2018 இல் எந்த இன்னிங்ஸிலும் வந்து, இரண்டு மூன்று இன்னிங்ஸ் கூட எறிந்து 143 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 2020 இல் மன்றத்துக்குப் போய் 6.4 மில்லியன் கேட்டார், தோற்றார், 4.1 தான் கிடைத்தது. பிறகு ஒரு இன்னிங்ஸுக்கு மேல் எறிவதில்லை என்ற நிலைக்கு வந்தார். உடனே ‘சுயநலம்’, ‘அணிக்காக விளையாடுறானில்லை’ என்று ரசிகர்கள் கத்தினார்கள். 2024 இல் ஹூஸ்டன் அவருக்கு 5 வருசத்துக்கு 95 மில்லியன் கொடுத்தது. சுயநலம் எண்டு கத்தின ஆக்களிட்டைக் கேளுங்கோ, அணிக்காக விளையாடின பெட்டான்சஸுக்கு என்ன நடந்தது எண்டு.

நடந்தது இதுதான். 2018 இல் 115 ஸ்ட்ரைக் அவுட், தொடர்ந்து ஐந்தாவது ஆண்டாக நூறுக்குக் குறையாமல் எடுத்தார். எந்த ரிலீஃப் பிச்சரும் அதற்கு முதல் செய்யாதது. அடுத்த ஆண்டு முடிய, எந்த அணியோடும் சுதந்திரமாகப் பேசும் உரிமை வர இருந்தது. 2019 முழுக்கத் தோள் காயம். செப்டெம்பர் 15, ரொறன்ரோவில் திரும்பி வந்தார். இரண்டு பேருக்கு எறிந்தார், இரண்டு பேரும் ஸ்ட்ரைக் அவுட். சந்தோசத்தில சின்னதாய் ஒரு துள்ளல். இடது குதிக்கால் நரம்பு பாதி கிழிந்தது.

மெட்ஸ் ஒரு வருசத்துக்கு 10.5 மில்லியன் கொடுத்தது. 2020 இல் 15 ஆட்டம், 2021 இல் ஒன்று. 2022 ஓகஸ்டில், 34 வயதில், ஒரு கீழ்நிலை அணியில் இருந்தபடியே ஓய்வை அறிவித்தார். யாங்கீஸ் புல்பென்னில் அவர் எறிந்த அந்த எட்டாவது இன்னிங்ஸ்களின் வீடியோக்களைத் தேடிப் பாருங்கோ. கனக்க இல்லை. இருக்கிறதிலயும் பாதி, அவர் மூன்றாவது ஆளை வீழ்த்தினதும் கமரா திரும்பி, பின்னால் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நிற்கிற சப்மனைக் காட்டத் தொடங்கிவிடும்.